நாற்பது வீட்டு ஏந்தல், ஒரு போகம் நெல்: இனி யார் விதைப்பது?

கண்மாய்க்கரை எழுதியது:

தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவே, பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர், சின்னக் கண்மாய் ஒன்றை நம்பிய ஏந்தல். வருவாய்க் கணக்கில் அது தனிக் கிராமம்கூட இல்லை, வேறொரு தாய்க் கிராமத்தில் அடங்கிய உட்கடைக் கிராமம். நாற்பது வீடுகள் இருக்கும்; பாதி பூட்டிக் கிடக்கின்றன. ஒரு கண்மாய், ஓர் ஊருணி, அய்யனார் கோயில், பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும் ஒரு தொடக்கப் பள்ளி, காலையும் மாலையும் வந்து திரும்பும் டவுன் பஸ். வைகைத் தண்ணீரோ பெரியாற்றுத் தண்ணீரோ எங்களுக்கு எட்டாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைக் கண்மாயில் தேக்கி ஒரு போகம் நெல் எடுக்கிறோம். ஆவணியில், மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பு, தை மாசியில் அறுப்பு, பிறகு அடுத்த ஆடி வரை காடு மேடெல்லாம் வெயில்.

2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனதிலிருந்து மனைத் தரகர்கள் இந்தப் பக்கம் அடிக்கடி வருகிறார்கள். கண்மாய் பாய்கிற வயல்களை, ஆயக்கட்டு முழுவதையும் சேர்த்துக் கொடுத்தால் நல்ல விலை தருவதாக ஒருவர் பேசிவிட்டுப் போயிருக்கிறார். கோயில் திடலில் கூட்டம் போட்டோம். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலரும் விற்றுவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் "ஏன் விற்கக் கூடாது" என்று கேட்கிறவர்களுக்குக் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். பாட்டன் சொத்து என்று சொல்லி யாரையும் நிறுத்த முடியாது.

எங்களைப் போன்ற மானாவாரிக் கண்மாய் ஊர்களைச் சேர்ந்தவர்கள் எழுதுங்கள். ஒரு போக நெல்லை நம்பி ஓர் ஊர் இனியும் நிற்க முடியுமா?

திருப்பூர்வாசி எழுதியது:

அண்ணன், நான் சருகணிப் பக்கத்துக்காரன். விற்கச் சொல்கிறவர்களில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2016ஐ யாரும் மறந்திருக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை அறுபது சதவீதத்துக்கு மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. அந்த வருடம் எங்கள் புழுதி விதை ஒரு தூறலுக்கு முளைத்து, அடுத்த மழை வராமல் நின்ற இடத்திலேயே கருகியது. அதற்குப் பிறகுதான் நான் திருப்பூருக்கு வந்தேன். 2021இல் தலைகீழ். பொங்கல் சமயத்தில் அறுப்புக்கு நின்ற நெல்லின் மீது விடாமல் மழை. சாய்ந்த கதிர் வயலிலேயே முளைவிட்டது. தண்ணீர் இல்லாமல் ஒரு வருடம் போகிறது, தண்ணீர் வேண்டாத நேரத்தில் வந்து ஒரு வருடம் போகிறது. எந்த நம்பிக்கையில் கடன் வாங்கி உழுவது?

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். விவசாயம் பார்க்கிற பையனுக்குப் பெண் கொடுக்க ஆள் இல்லை. ஊரிலேயே இருந்த என் பெரியப்பா மகனுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. வருகிற பெண் வீட்டார் முதலில் கேட்பதே "பையன் வெளியே எங்கே இருக்கிறார்" என்பதுதான்.

களைக்கொத்து எழுதியது:

தம்பி திருப்பூர்வாசி, நான் ஊரில் இருந்து விவசாயம் பார்க்கிறவள். மூன்று ஏக்கர், அதில் இரண்டு ஏக்கர் அடுத்தவர் நிலம், விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுவது. கணக்கைச் சொல்கிறேன், பிறகு விற்பதைப் பற்றிப் பேசலாம்.

நாலு சால் உழவு, முப்பது கிலோ விதை, அடியுரத்துக்கு 1,350 ரூபாய்க்கு ஒரு மூட்டை டிஏபி, மேலுரத்துக்கு யூரியா, களையெடுப்புக்கு ஆள் கூலி, கடைசியில் அறுவடை இயந்திரம். எல்லாம் கூட்டினால் ஏக்கருக்கு இருபதாயிரத்தைத் தொடும். கண்மாய் நிறைந்த வருடத்தில் ஏக்கருக்குப் பதினைந்து குவிண்டால் தேறும். 2025 செப்டம்பரில் தொடங்கிய பருவத்துக்கு அரசு கொள்முதல் விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. அந்த விலைக்குப் போட்டால் ஏக்கருக்குப் பதினேழாயிரம் கையில் நிற்கும். போடத்தான் முடிவதில்லை. வாரத்துக்கு உழுகிற நிலத்துக்குக் கொள்முதல் நிலையத்தில் காட்ட என் பேரில் காகிதம் கிடையாது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் சிமெண்ட் களம் இல்லை, தார்ச்சாலையில்தான் காயப்போடுகிறோம். அதனால் வயலுக்கே வருகிற வியாபாரியிடம் குவிண்டாலுக்கு ஐந்நூறு அறுநூறு குறைத்துப் போட்டுவிடுகிறேன். என் கூலியை நான் எங்கேயும் எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள்.

புழுதி விதைப்பில் களைதான் பெரிய எதிரி. முதல் மழைக்கு நெல்லோடு சேர்ந்து புல்லும் முளைக்கும். ஒரு சாண் உயரத்தில் இரண்டும் ஒரே பச்சை, ஒரே இலை. குனிந்து தாளும் இலையும் சேருகிற இடத்தை விரலால் விலக்கிப் பார்க்க வேண்டும். நெல்லுக்கு அந்த இடத்தில் வெள்ளையாய் மெல்லிய ஒரு நாக்கு நிற்கும்; புல்லுக்கு அது இருக்காது, வழவழவென்று போகும். இதைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் எல்லோரும் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள். என் மகளுக்கு இது தெரியாது. அவளைப் படிக்கத்தானே அனுப்பினேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மருந்தடித்தே களையெடுப்பது என்றால் செலவுக் கணக்கு மாறிவிடும்.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வரப்பில் நடந்தால் வருகிற வாசனைக்கு விலை போட முடியாது. இருந்தாலும், தண்ணீர் கடைசி வரை வரும் என்று யாராவது உறுதி சொன்னால்தான் நான் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேச முடியும்.

மட்டப்பலகை எழுதியது:

பாசனப் பணிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அம்மா களைக்கொத்து கடைசியில் எழுதிய வரியில்தான் விஷயம் இருக்கிறது. விலை, ரகம், மானியம் எல்லாம் அதற்குப் பிறகு.

கண்மாய்க்கரை ஐயா, உங்கள் கண்மாயில் கடைசியாக எப்போது, எங்கே தோண்டினார்கள்? ஊராரைச் சேர்த்து நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டத்தை 2017இல் திரும்பக் கொண்டுவந்த பிறகு பல கண்மாய்களில் நல்ல வேலை நடந்தது. சில இடங்களில் கரையை ஒட்டி ஆழமாகப் பள்ளம் பறித்துவிட்டு ஆழப்படுத்தியதாகக் கணக்கு எழுதினார்கள். வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடையின் தளமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. மாடு குடிக்கலாம், மீன் வளரும், கிணறு ஊறும். ஆயக்கட்டுக்கு ஒரு சொட்டும் அதிகமாகக் கிடைக்காது. வயலுக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டுமானால் மடைமட்டத்துக்கும் உபரி வழிகிற கலுங்கு மட்டத்துக்கும் இடையில், கண்மாயின் உட்பகுதியான உள்வாயின் மேட்டுப் பகுதியில் படிந்த வண்டலை எடுக்க வேண்டும். அதை வயலுக்கு அடித்தால் மண்ணும் தேறும். வண்டல் எடுக்க 2024 முதல் தாலுகா அளவிலேயே அனுமதி தருகிறார்கள்.

அதைவிட முக்கியம் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால். செட்டிநாட்டுக் கண்மாய்கள் தனித்தனிக் குட்டைகள் அல்ல, ஒன்றின் கலுங்கில் விழுகிற தண்ணீர் அடுத்ததற்கு வரத்து. நடுவில் ஓரிடம் அடைபட்டால் கீழே இருக்கிற ஏந்தல்கள் எல்லாம் காயும். நல்ல மழை கொட்டும்போது நாலு பேர் குடை பிடித்துக்கொண்டு உங்கள் வரத்துக்காலின் தலைப்பிலிருந்து கண்மாய் வரை நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே திசை மாறுகிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். கோடையில் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேல் மட்டும்தான் கண்ணில் படும்.

திருப்பூர்வாசி எழுதியது:

ஐயா, காவிரி–வைகை–குண்டாறு கால்வாய் வந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று எங்கள் பக்கம் சொல்கிறார்களே?

மட்டப்பலகை எழுதியது:

வரட்டும், வந்தால் நானும் கும்பிடுவேன். மாயனூரிலிருந்து குண்டாறு வரை 262 கிலோமீட்டர், 14,400 கோடி ரூபாய் மதிப்பீடு. 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மூன்று கட்டங்களில் நம் பகுதி இரண்டாவதில் வருகிறது. அது காவிரியின் வெள்ள உபரியைக் கொண்டுவருகிற கால்வாய். அந்த உபரி வந்தாலும் உங்கள் ஊருக்குள் நுழைய வரத்துக்கால் திறந்திருக்க வேண்டும். இப்போது செய்கிற வேலை அப்போதும் உதவும்.

கண்மாய்க்கரை எழுதியது:

மட்டப்பலகை ஐயாவுக்கு நன்றி. ஊரில் இதைப் படித்துக் காட்டினேன். பெரியவர்கள் சொன்ன பிறகு இரண்டு இடங்கள் உறுதியாகத் தெரிகின்றன. மேலே தைலமரக் காட்டில் தண்ணீரைப் பிடிக்க வரப்பு வரப்பாக வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து ஓட்டம் நின்று போயிற்று. அதற்குக் கீழே, சாலை அகலப்படுத்தியபோது சிறுபாலத்துக் குழாயை வாய்க்கால் தரையைவிட முழங்கால் உயரத்துக்கு மேலே பதித்துவிட்டார்கள். அந்த உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி ஏறினால்தான் இந்தப் பக்கம் விழும். சாதாரண மழைக்கு ஏறுவதில்லை, பக்கத்துப் பொட்டலில் பரவி வீணாகிறது.

கண்மாயில் மீன் பிடிக்கிற உரிமையை ஏலம் விடும் மீன்பாசிக் குத்தகையும் ஒரு தகராறு. ஏலம் எடுத்தவருக்கு மாசியில் தண்ணீர் சீக்கிரம் வற்ற வேண்டும், தண்ணீர் கடைசியாக எட்டுகிற கடைமடை வயல்காரருக்குக் கடைசி நனைப்புக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். முன்பு நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருந்தார். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் கையில். அறுப்புக்குப் பிறகு ஒவ்வொரு வயலிலும் அவருக்கு நெல் அளந்தோம். அவர் காலமான பிறகு அந்தப் பொறுப்பை யாரும் எடுக்கவில்லை. இப்போது மடைத் திருகுச் சாவி யார் வீட்டில் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் முறை.

வளவுவீடு எழுதியது:

நான் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுப் பிள்ளை, சென்னையில் இருக்கிறேன். உங்கள் ஊரைப் போன்ற ஓர் ஊரில் எங்களுக்கும் நஞ்சை இருக்கிறது. அதில் பாதி தரிசாகக் கிடக்கிறது. வெளியே இருக்கிற நிலக்காரர்களின் பக்கத்தை யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஐயாக்களுக்கு நெல் என்றால் பர்மாவின் ஐராவதிப் படுகைதான். இந்தச் செம்மண் சீமையில் விளைந்தது வீட்டுக்குப் போதாது. 1930இல் கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. நெல் விலை சரிந்து, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போக, 1938க்குள் அது கால் பங்காக ஏறிவிட்டது. நிலம் வேண்டும் என்று போனவர்கள் அல்லர், கொடுத்த பணத்துக்கு நிலம் வந்து சேர்ந்தது. பிறகு ஜப்பான் படையெடுப்பு. பர்மா சுதந்திரம் பெற்ற 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம். தூரத்தில் இருந்துகொண்டு பிறர் உழைப்பில் நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்ததாலேயே, ஊரில் உழுகிறவர்கள் பேச்சைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

களைக்கொத்து அக்கா சொன்ன காகிதப் பிரச்சினைக்கு எங்களைப் போன்றவர்கள்தான் காரணம். 1955ஆம் ஆண்டு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து, எழுதிக் கொடுத்தால் நிலத்தை மீட்க முடியாது என்று எங்கள் வீடுகளில் பயப்படுகிறார்கள். அதனால் எல்லாம் வாய்ப்பேச்சு. உழுகிறவருக்குக் கடனும் இல்லை, காப்பீடும் இல்லை, கொள்முதல் நிலையமும் இல்லை. அதோடு எங்கள் பட்டா இன்னும் பாட்டையா பேரில் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. பங்காளிகள் மலேசியா, சிங்கப்பூர், சென்னை என்று சிதறிக் கிடக்கிறோம். எழுதிக் கொடுக்க நான் தயார் என்றாலும் என் கையெழுத்து மட்டும் போதாது.

கணக்குப்பிள்ளை பேரன் எழுதியது:

அதற்கு வழி இருக்கிறது, வளவுவீடு அண்ணன். முதலில் பாட்டையாவுக்கு வாரிசுச் சான்றிதழ், அதை வைத்து வாரிசுகள் பேரில் பட்டா மாறுதல், பங்காளிகள் சம்மதித்தால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து உட்பிரிவு. காலம் எடுக்கும், நடக்காத காரியம் அல்ல. திருவிழாவுக்கு எல்லோரும் ஊருக்கு வருகிறீர்களே, அப்போது கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் உண்மையாகச் சாகுபடி செய்கிறவர் பேரும் பயிரும் ஒவ்வொரு பருவமும் ஏற வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் சாகுபடிச் சான்று கொடுத்தால் குத்தகைதாரரும் பயிர்க் காப்பீடு செய்யலாம். சம்பாவுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். நம் பக்கத்தில் உள்ள சிக்கல் வேறு. இழப்பைக் கணக்கிடும் அலகு வருவாய்க் கிராமம். கண்மாய்க்கரை அண்ணன் ஊர் உட்கடைக் கிராமம் என்கிறார். தாய்க் கிராமத்தில் போர்வெல் வைத்தவர் வயலில் அறுவடைப் பரிசோதனை நடந்தால் விளைச்சல் நன்றாகத்தான் காட்டும், உங்கள் ஊர் கருகியது அதில் தெரியாது. பரிசோதனை எந்தச் சர்வே எண்ணில் நடக்கிறது என்று கேட்டு, அன்றைக்கு நாலு பேர் போய் நில்லுங்கள்.

விதைநேர்த்தி எழுதியது:

நான் வேளாண்மை படித்தவன், கல்லல் பக்கம். எல்லோரும் கறுப்புக் கவுனி போடுங்கள், கிலோ இருநூறுக்கு விற்கலாம் என்று இணையத்தில் எழுதுகிறார்களே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் கல்யாண வீட்டுப் பலகாரத்தில் கவுனி அரிசி இல்லாமல் இருக்காது. அதைப் பயிரிட வேண்டும் என்பது எனக்கும் ஆசை. ஆனால் அது நீண்ட நாள் பயிர், ஆள் உயரம் வளர்ந்து சாயும், விளைச்சலும் குறைவு. முதலில் தண்ணீர் பாய்கிற தலைமடையில், தண்ணீர் உறுதியாக இருக்கிற சில வயல்களுக்கு அது பொருந்தும். கடைமடையில் போட்டால் தையில் தண்ணீர் இல்லாமல் பதராகும். அங்கே பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் வந்த அண்ணா 4 மாதிரி நூற்றைந்து நாள் ரகம்தான் பாதுகாப்பு, வறட்சியையும் ஓரளவு தாங்கும். ஒரே கண்மாய்க்குக் கீழே தலைமடைக்கு ஒன்று, கடைமடைக்கு ஒன்று என்று ஊர் கூடி முடிவெடுத்தால் நன்றாக இருக்கும்.

புதுவயல் ஆலை எழுதியது:

தம்பி சொன்னதில் பாதியை ஏற்கிறேன். புதுவயலில் அரிசி ஆலைத் தொழிலில் இருக்கிறேன், நெல் வாங்குகிறவன் கண்ணில் எப்படிப் படுகிறது என்று சொல்கிறேன். ஓர் ஏந்தலில் பத்துப் பேர் பத்து ரகம் போட்டால் யாருடைய நெல்லையும் நேரடியாக ஆலைக்கு எடுக்க முடியாது. நடுவில் ஒரு வியாபாரி வந்து எல்லாவற்றையும் கலந்து மலிவாகத்தான் எடுப்பார். அறுவடை இயந்திரமும் அப்படித்தான், நாலு ஏக்கருக்காக ஊருக்குள் வரத் தயங்குவார்கள். ஐம்பது ஏக்கர் ஒரே வாரத்தில் முற்றினால் தேடி வருவார்கள். கடைமடை முழுக்க ஒரே ரகம், ஒரே வாரத்தில் விதைப்பு, நன்றாகக் காய்ந்த நெல், ஒரு லாரி நிறையச் சரக்கு. இவ்வளவும் இருந்தால் எங்களைப் போன்றவர்கள் ஊருக்கே வண்டி அனுப்புவோம். கவுனி கொஞ்சம் போடுகிறவர்கள் ஆலையை நம்ப வேண்டாம், அரிசியாக்கி வீடுகளுக்கு நேராக விற்பதுதான் லாபம். காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் பழைய வீடுகளைப் பார்க்க வருகிற கூட்டம் வாங்கிப் போகும்.

களைக்கொத்து எழுதியது:

புதுவயல் அண்ணன் சொல்வது சரி. ஒரே வாரத்தில் விதைத்தால் மயிலும் பன்றியும் ஒருவர் வயலையே குறிவைத்துத் தின்னாமல் இருக்கும், இரவுக் காவலுக்கும் முறை வைக்கலாம். இப்போது முந்தி விதைத்தவர் வயல்தான் அவற்றுக்குத் தீனி. சிமெண்ட் களம் ஒன்று கேட்டு மனுக் கொடுங்கள். தார்ச்சாலையில் காயப்போடும்போது ஒவ்வொரு லாரிக்கும் எழுந்து ஓடுகிறோம்.

திருப்பூர்வாசி எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். சிறுபாலத்துக் குழாயைப் பற்றி அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு எங்கள் ஊர் வரத்துக்காலை நினைத்துப் பார்க்கிறேன். 2016க்கு முன்பே எங்கள் கண்மாய் நிறைவது குறைந்துவிட்டது, மழையைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

நான் திரும்பி வந்து உழுவேன் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் என் பங்கு நிலத்தை இந்த வருடம் விற்பதில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பக்கத்து வயல்காரருக்கு எழுத்தில் குத்தகை கொடுக்க என்ன செய்ய வேண்டும் என்று கணக்குப்பிள்ளை பேரன் அண்ணனிடம் கேட்டுக்கொள்கிறேன். பெரியப்பா மகன் டிராக்டர் வாங்க நினைக்கிறார். ஐம்பது ஏக்கரும் ஒன்றாக உழுவதென்றால் அவருக்கும் உள்ளூரிலேயே வேலை இருக்கும்.

கண்மாய்க்கரை எழுதியது:

நேற்று மறுபடியும் திடலில் கூடினோம். விற்பதா இல்லையா என்பது முடிவாகவில்லை. விற்க விரும்புகிற குடும்பங்கள் அப்படியேதான் இருக்கின்றன. அவர்களுக்குக் கடனும் கல்யாணமும் இருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மூன்று காரியங்களுக்கு மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மனைப் பேச்சை அடுத்த தை அறுப்பு வரை தள்ளிவைப்பது. சிறுபாலத்துக் குழாயை இறக்கிப் பதிக்கவும் தைலமரக் காட்டில் ஓடைப் பகுதியை விட்டுவிடவும் கிராம சபையில் தீர்மானம் போட்டு மனுக் கொடுப்பது. நீர்ப்பாய்ச்சி ஒருவரை வைத்து, ஏக்கருக்கு இத்தனை மரக்கால் நெல் என்று பழையபடி அளப்பது. அந்த வேலைக்கு முன்வந்தவர் முப்பது வயதுப் பையன், சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்தவன். திருகுச் சாவியை அன்றைக்கே அவன் கையில் கொடுத்துவிட்டோம்.

தலைமடை, கடைமடை ரகப் பிரிவுக்குத் தலைமடைக்காரர்கள் இன்னும் இசையவில்லை. விதைநேர்த்தித் தம்பி ஒருநாள் ஊருக்கு வந்து பேசினால் உதவியாக இருக்கும், சாப்பாடு எங்கள் வீட்டில்.

மட்டப்பலகை ஐயாவிடம் ஒரு சந்தேகம். எங்கள் ஆயக்கட்டு நாற்பது ஹெக்டேருக்குக் குறைவு, அதனால் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் வருகிறது. ஆனால் எங்களுக்குத் தண்ணீர் தரும் மேல் கண்மாய் பெரியது, நீர்வளத் துறைக் கணக்கில் இருக்கிறது. சிறுபாலம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மனுவை எங்கே கொடுப்பது?

மட்டப்பலகை எழுதியது:

இரண்டு இடத்திலும் கொடுங்கள், சாலைக்குப் பொறுப்பானவர்களுக்கும் ஒரு நகல். மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க் கூட்டம் மாதம் ஒருமுறை நடக்கும். அங்கே மூன்று தரப்பும் ஒரே அறையில் இருப்பார்கள். வெறும் மனுவாகக் கொடுக்காதீர்கள். கிராம வரைபடத்தில் வரத்துக்காலுக்கு மை போட்டு, சிறுபாலம் இருக்கிற சர்வே எண்ணைக் குறித்து, வாய்க்கால் தரைக்கும் குழாயின் அடிக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளந்து எழுதுங்கள். அளக்கக் கருவி வேண்டாம், தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் ரப்பர் குழாய் பத்து மீட்டர் போதும். ஞாயிற்றுக்கிழமை நான் காரைக்குடியில் இருப்பேன், காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பு வந்து அளந்து தருகிறேன். நீர்ப்பாய்ச்சிப் பையனையும் வரச் சொல்லுங்கள், மடையின் தளமட்டத்தையும் அவனுக்குக் காட்டிவிடலாம்.